படுக்கை தேடுவது யார் வேலை?

"மெடிக்கல் காலேஜ்ல தெரிஞ்ச ஆள் யாராவது உண்டா அண்ணாச்சி?" திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் யார் வீட்டில் யார் படுத்தாலும் முதலில் கிளம்புகிற கேள்வி இது. நாகர்கோவில், மார்த்தாண்டத்திலிருந்து நோயாளியோடு வரும் சொந்தக்காரர்களும் நேரே எங்கள் கடைக்கு வந்து இதைத்தான் கேட்கிறார்கள். அத்தான் படுத்தபோது நானும் கேட்டேன்.

மூளையில் ரத்தக்கசிவு. சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரியில் நியூரோ சர்ஜன் இல்லை. உடனே மாற்றுங்கள் என்றார் டாக்டர். எங்கே என்று கேட்டால், "நிங்ஙள் தன்னெ விளிச்சு சோதிக்கூ", நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்கள். போன் செய்த இடத்திலோ, டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேனும் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். பில் அடைத்தால்தான் சம்மரி. இன்சூரன்ஸிலிருந்து அனுமதி வந்தால்தான் பில். ஆம்புலன்ஸ்காரருக்கோ போகிற இடம் தெரிந்தாக வேண்டும். இதற்கிடையில் ஓர் ஆஸ்பத்திரியில் போனை எடுத்தவர் என் அக்காவிடம், "ஜி.சி.எஸ். எத்ர?" என்று கேட்டார். நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு டாக்டர்கள் போடும் மதிப்பெண் அது. அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் கேட்கிற கேள்வியா? ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கடைசியில் இடம் கிடைத்தது. கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவருடைய மருமகனுக்கு அங்கே ஆள் தெரியும். அத்தான் பிழைத்தார், வலது கை இன்னும் சரியாக எழவில்லை. அந்த வாடிக்கைக்காரர் இல்லாமல் போயிருந்தால்?

ஆள் தெரியாதவன் கதி என்ன என்பதை 2017 ஆகஸ்டில் பார்த்தோம். கொல்லம் பக்கம் பைக் விபத்தில் அடிபட்ட திருநெல்வேலித் தொழிலாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது. வென்டிலேட்டர் ஒழிவில்லை, கூட ஆள் இல்லை என்று பதில்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வரைக்கும் வந்து, திரும்பக் கொல்லத்துக்கே கொண்டுபோனார்கள். உயிர் வண்டியிலேயே போயிற்று. முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். மனதாரக் கேட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் அன்று அந்த டிரைவர் செய்த வேலையைத்தான் இன்று குடும்பங்கள் செல்போனில் செய்துகொண்டிருக்கின்றன.

வழி தெரியாத விஷயமும் அல்ல இது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் மாற்றி மாற்றித் திருப்பி அனுப்பின. அது குறித்த வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம், எங்கே படுக்கை காலி என்று உடனே அறிந்து நோயாளியை அங்கே அனுப்ப ஒரு மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்று சொல்லிவிட்டது. கொரோனாவின்போது அதைச் செய்தும் காட்டினார்கள். கேரளத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகள் படுக்கைகளைக் கணக்கு வைத்தன. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் 104-ஐக் கூப்பிட்டவர்களுக்குக் கட்டளை மையத்திலிருந்து படுக்கை பார்த்துக் கொடுத்தார்கள். தொற்றுக்குச் செய்ய முடிந்ததைத் தலையில் அடிபட்டவனுக்கும் ரத்தக்கசிவுக்காரனுக்கும் ஏன் செய்யக்கூடாது? மாவட்டத்துக்கு ஒரு மேசை, இரவும் பகலும் போனை எடுக்க ஆள், அனுப்பும் டாக்டரே வாங்கும் டாக்டரிடம் பேசியாக வேண்டும் என்று ஒரு கட்டாயம். பில் கணக்கை நோயாளி போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் வந்து தீர்க்கிறோம். ஓடிப்போகிறவர்கள் இல்லை நாங்கள், இந்தத் தெருவில்தான் கடை வைத்திருக்கிறோம்.