கல்லில் எழுதினால் போதுமா?

வாணியம்பாடியில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1903 நவம்பர் 12 அன்று பாலாற்று வெள்ளத்தில் மாண்ட சுமார் 200 பேரின் நினைவுச் சின்னம் அது. அன்று மழை மட்டுமா கொன்றது? மேலே மைசூர் சமஸ்தானத்தில் பேத்தமங்கலம் ஏரியும் உடைந்தது. மழையை ஆகாயம் தரலாம். ஏரிக்கரையைக் காப்பது மனிதர் வேலை அல்லவா?

நமது ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையில் பிறந்து, செய்யாற்றில் கலந்து, அதே பாலாற்றுக்குத்தான் போகிறது. ஆகவே அந்தத் தூண் நமக்கும் பாடம்.

பாடம் படிக்கப்பட்டதா? 2024 டிசம்பர் 2 அதிகாலை, நமது மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது சர்க்கார். எங்கள் காதுக்கு எட்டவில்லை என்றனர் கரையோர மக்கள். குடிசைக்குள் எட்டாத எச்சரிக்கை, காகிதத்தில் இருந்து என்ன பயன்?

எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தக் கரை எங்கே கசியும் என்பது அங்கே மண் சுமந்த கூலியாளுக்குத் தெரியும். அவரை யார் கேட்கிறார்கள்?

உயிர் தப்பினாலும் வயிறு தப்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு போட முடியாது. பட்டு இழை ஈரம் கோக்கிறது. நெய்தால்தான் கூலி, தறி நின்றால் அடுப்பும் நின்றது. வயல் மூழ்கினால் பயிர் நிவாரணம் சாகுபடியாளர் பெயரில் வருகிறது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு என்ன வருகிறது? மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு, அது நியாயம். அந்த நியாயம் நெசவாளிக்கும் விவசாயக் கூலிக்கும் ஏன் இல்லை?

தோழர்களே! வெள்ளத்தின் நினைவு ஒப்பாரியாக முடியக்கூடாது. கோரிக்கையாக எழ வேண்டும். வெள்ளம் ஏறிய மட்டத்தைத் தெருத்தோறும் சுவரில் குறிப்போம். புரட்டாசிக்குள் நெசவாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து ஏரிக்கரை, மதகு, கால்வாய்களைப் பார்வையிட்டு, பழுதுகளை எழுதிக் கொடுப்போம். எச்சரிக்கை ஒலிபெருக்கியில் சேரிக்கும் காலனிக்கும் வந்து சேர வேண்டும். மழையால் வேலை இழந்த நாட்களுக்கு நிவாரணம் வேண்டும்.

மாண்டவர்க்குத் தூண் எழுப்பியது போதும். இருப்பவரைக் காக்கக் கரையை எழுப்புவோம்!