முப்பதாயிரமா, ஐந்தே முக்கால் லட்சமா?

"இந்த லேபர் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், நமக்கெதுக்கு?" என்பது சின்ன அளவில் தொழில் செய்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் வசனம். அதே ஆள் மீது வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் வழக்குப் போட்டுவிட்டால் வசனம் மாறிவிடும்: "சட்டம் தொழிலாளி பக்கம்தான், முதலாளிக்கு நாதியே இல்லை". என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். (தொழில் சட்டம் பேப்பரை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்தவர்களுக்காக!) 1947-ம் வருடத்துத் தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவுப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதென்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும். கூடவே முடிந்த ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதை அப்படியே வைத்திருக்கிறது. ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்குவதென்றால் முறையாக விசாரணை நடத்த வேண்டும். கடைகளுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் உண்டு. அதில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தாலே நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, 25-எஃப் பிரிவுக்கு ஆள் கணக்கே கிடையாது. நாலு பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கும் நாலாயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கும் ஒரே விதிதான். பத்திரிகைகளில் பெரிய விவாதமாக ஓடியது வேறு விஷயம். ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டிய வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தியதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எட்டுப் பேர் வைத்திருப்பவர் அந்த வரம்புக்குள் என்றைக்குமே இருந்ததில்லை. அவருக்கு அதனால் ஒரு பைசா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அப்படியானால் அவருக்கு எங்கே அடி விழுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 சம்பளம், மூன்று வருட சர்வீஸ், வியாபாரம் மந்தம் என்று ஒருவரை நிறுத்துகிறார் என்று வையுங்கள். நோட்டீசுக்குப் பதில் 12,000, மூன்று வருடத்துக்கு 18,000. மொத்தம் 30,000. கடிதத்தோடு இதைக் கொடுத்திருந்தால் அநேகமாகக் கதை முடிந்தது. கொடுக்காமல் "நாளையிலேர்ந்து வராதே" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார். வழக்கு நாலு வருடம் ஓடுகிறது. நீக்கியது செல்லாது, முழுச் சம்பள பாக்கியோடு மீண்டும் வேலை கொடு என்று தீர்ப்பு வந்தால் 48 மாதம் × 12,000 = 5,76,000. செய்யாத வேலைக்கு, அதுவும் மொத்தமாக!

இது மிகைப்படுத்தல் இல்லை. 2013-ல் ஒரு ஆசிரியையின் வழக்கில், தவறான பணிநீக்கம் என்றால் முழு பாக்கிச் சம்பளத்தோடு மீண்டும் வேலை என்பதே பொது விதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலாளியின் நிதி நிலைமையையும் கணக்கில் எடுக்கலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்ட ஒழுங்கான கணக்குப் புத்தகம் வேண்டுமே!

சரி, தொழிலாளி இதில் கொழிக்கிறாரா? அதுவும் இல்லை. நாலு வருடம் சம்பளமில்லாமல் யார் குடும்பம் நடத்த முடியும்? பாதியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்குபவர்கள் உண்டு, வழக்குப் பக்கமே போகாதவர்களும் உண்டு. ஆக இரண்டு பேரையும் சாப்பிடுவது உரிமை அல்ல, தாமதம். வழக்கு ஓடும் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குக் கடன் ஏறுகிறது, இன்னொருவருக்கு வயிறு காய்கிறது.

"சின்னத் தொழில்களுக்கு மொத்தமாக விலக்கு கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். ஆஸ்திரேலியா அதைச் செய்து பார்த்த நாடு. 2006-ல் 100 பேர் வரை வைத்திருக்கும் நிறுவனங்களில் நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்கே போட முடியாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது, 2007 தேர்தலில் ஆட்சியே மாறியது. 2009-ல் வந்த புதிய சட்டம் நடுவழியைப் பிடித்தது. 15 பேருக்குக் குறைவாக இருந்தால் சின்ன நிறுவனம். மற்ற இடங்களில் ஆறு மாத சர்வீஸ் இருந்தால் வழக்குப் போடலாம், இங்கே ஒரு வருடம் வேண்டும். முதலாளி பின்பற்ற வேண்டிய எளிய விதிமுறை ஒன்று, சரிபார்க்க ஒரு பட்டியலோடு. நீக்கிய 21 நாளுக்குள் மனு போட வேண்டும். இழப்பீடு அதிகபட்சம் 26 வார ஊதியம். இரண்டு பக்கத்துக்கும் எல்லை தெரியும்.

நம் ஊரில் புதிய தொகுப்புச் சட்டம் மனு போடும் கெடுவை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறது. போதாது. இருபது பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு மனுவுக்கு ஆறு மாதம், தீர்ப்புக்கு ஒரு வருடம் என்று கெடு வைக்கலாம். பாக்கிச் சம்பளத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. காரணத்தை எழுத்தில் கொடுத்து, தொழிலாளியின் பதிலையும் எழுத்தில் வாங்கிய முதலாளிக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. வாயால் "வராதே" என்றவருக்கு உச்சவரம்பு கிடையாது. அப்போது நேர்மையாக நடப்பதே லாபம் என்று எந்த வியாபாரிக்கும் புரிந்துவிடும்.

சட்டம் மாறும்வரை? நம் வகுப்பில் பாதிப்பேர் நாளைக்கு ஆடிட்டர் ஆபீசிலோ அப்பாவின் கடையிலோதான் உட்காரப் போகிறோம். ஜி.எஸ்.டி. கணக்குக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியை வேலை நியமனக் கடிதம், வருகைப் பதிவேடு, சம்பள ரசீது இந்த மூன்றிலும் காட்டச் சொல்லுங்கள். யாரையாவது நிறுத்த வேண்டி வந்தால், முப்பதாயிரத்தை அன்றைக்கே கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அது தர்மம் இல்லை, அந்த ஆளுக்குச் சேரவேண்டிய பணம்.