அரைமணிச் சோறு

ஒரு சாப்பாட்டின் விலையை ரூபாவில் மட்டும் சொன்னால் அது மலிவா இல்லையா என்பது விளங்காது. அதை வாங்க எத்தனை நிமிடம் உழைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

ஜப்பானில் 500 யென் நாணயம் 1982இல் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஒற்றை நாணயத்துக்குள் மதியச் சாப்பாடு தருவதை அங்குள்ள நகரங்களின் சிறு உணவகங்களும் கஃபேக்களும் ஒரு வழக்கமாகவே வளர்த்தெடுத்தன. 2024இல் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி, தேசிய சராசரியாக, மணிக்கு 1,055 யென். ஆக, அந்நாட்டின் ஆகக் குறைந்த கூலி வாங்குகிறவரும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான உழைப்பில் சுடச்சுட ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம். 2025இல் அங்கே ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியபோது கடைக்காரர்கள் திணறினார்கள். ஆனாலும் உழைக்கிறவர் மதியத்தில் கட்டுப்படியான விலைக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் அந்த ஊர்களில் இன்னும் நிற்கிறது.

இதே கணக்கை இலங்கை மலையகத்தின் ஹட்டனில் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. எட்டு மணி நேர வேலைக்கு வகுத்தால், மணிக்கு 169 ரூபாகூட இல்லை. பஸ் நிலையத்தை அண்டிய கடையொன்றில் மரக்கறிச் சாப்பாட்டுப் பார்சல் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், அதை வாங்க ஒரு பெண் ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் மேலாகக் கொழுந்து பறிக்க வேண்டும். 2026 வரவு செலவுத் திட்டம் முன்வைத்தபடி, வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து நாளுக்கு 1,750 ரூபா முழுதாகக் கைக்கு வந்தாலும், ஒரு மணி இருபது நிமிட உழைப்பு அந்தப் பார்சலுக்கே போய்விடும். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கிலோ குறைந்ததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் நாட்களையும் சேர்க்கவில்லை.

ஜப்பானில் அரைமணி, ஹட்டனில் ஒன்றேமுக்கால் மணி. மலையகத்தின் சம்பளப் பேச்சில் இந்த நிமிடக் கணக்குக்கும் இடம் வேண்டும்.

மலையில் மதியம்

கொழுந்து பறிக்கிற பெண் அந்தப் பார்சலை வாங்குவதே இல்லை. அவளது மதியச் சாப்பாடு விடியுமுன்பே, லயத்துக் காம்பராவின் அடுப்பில் முடிந்துவிடுகிறது. கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறுகிறாள். மத்தியானம் அந்த ரொட்டியைப் பிரிக்கும்போது அது விறைத்துப்போயிருக்கும். மழை நாளென்றால் இடுப்பில் கட்டிய படங்கோடு, கொழுந்துக் கறை படிந்த கையோடு, ஏதாவது ஒரு மரத்தடியில் நின்றபடியே சாப்பாடு முடியும். லயம் பக்கத்தில் இருந்தால் ஓடிப்போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாம். ஆனால் இறங்கி ஏறுவதற்கே ஓய்வு நேரம் சரியாகிவிடும்.

ரொட்டி வயிற்றை நிறைக்கும். நாள் முழுக்கக் கூடை சுமந்து சரிவில் நிற்கும் உடம்புக்கு அது போதாது. பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி ஏதுமில்லாமல் மாவும் தேங்காயும் மட்டும் என்றால் புரதமும் இரும்புச்சத்தும் எங்கிருந்து வரும்? கூடவே குடிக்கும் சாயத்தண்ணி, உணவிலுள்ள கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு உறிஞ்ச விடாமல் குறைக்கிறது. தாய்க்கு இரத்தசோகை என்றால் அதன் பாரம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீட்ரூட்டும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகும் நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களும் இந்த 32க்கு உள்ளேதான் இருக்கின்றன. மரக்கறி விளையும் மண்ணிலிருந்து நம் பெண்களின் தட்டு வரை போவதற்குத்தான் பாதை இல்லை.

சம்பளம் மட்டும் போதுமா?

சம்பளத்தைக் கூட்டினால் சாப்பாடு தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். சம்பளம் கூடியே ஆக வேண்டும். அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கூடிய சம்பளம் தட்டில் விழுமுன்பே கரைந்துபோவதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2021 மார்ச்சில் நாளுக்கு 1,000 ரூபா கிடைத்தது. அதற்காக எத்தனை ஆண்டு போராட்டம்! அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியபோது, அந்த 1,000 ரூபாவின் பெறுமதி ரொட்டிக் கல்லிலேயே கருகிப்போனது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டில் பணம் முட்டும்போது முதலில் வெட்டுப்படுவது தாயின் சாப்பாடு. பிள்ளைக்கு, கணவனுக்கு, மாமியாருக்கு என்று பரிமாறி, மிஞ்சியது அவளுக்கு. சம்பளம் வீட்டுக்குப் போகிறது. சத்து அவளிடம் போய்ச் சேருவதில்லை. மலையிலேயே, அவள் கையிலேயே ஒரு தட்டுச் சோறு வந்தால் அதைப் பங்கு போட வேண்டியதில்லை. வேலையிடத்து உணவின் பெரிய நன்மை இதுதான்.

அரிசியும் கூலியும்: பழைய பாடம்

தோட்டத்தில் கூலியையும் அரிசியையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைத் தொடர்ந்து, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி குறிக்கப்பட்டது. அரிசியைக் குறித்த விலைக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடும் உடனிருந்தது. அந்தக் காலத்து ஆட்சிக்குக்கூட, அரிசி விலையைக் கட்டாமல் கூலியைக் கட்டுவதில் பொருளில்லை என்று தெரிந்திருந்தது. ஆனால் அந்த அரிசி தோட்டத்தின் கையால் வந்து, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் பிடிபட்டு, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போடும் கயிறுகளில் ஒன்றாகவும் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த பாடம் இன்னும் கொடியது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டு, மாவும் தட்டுப்பட்டபோது, பயிர் செய்யத் துண்டு நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளர்தான் பசிக்கு முதலில் பலியானார்கள். தோட்டப்புறத்தின் மரண விகிதம் அப்போது கூர்மையாக ஏறியது. அந்தப் பஞ்சத்தை நேரில் கண்ட முதியவர்கள் இன்றும் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

முதற்பாடம், உணவைக் கணக்கில் எடுக்காத கூலிப் பேச்சு அரைகுறையானது என்பது. இரண்டாவது, உணவின் சாவி முழுதாகத் தோட்ட நிர்வாகத்தின் கையிலும் இருக்கக் கூடாது என்பது. மலிவான மதியச் சோற்றுக்கு எந்தத் திட்டம் போட்டாலும் இவ்விரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.

மலிவு எப்படி வருகிறது?

ஜப்பானின் மலிவான மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் எளிய ஏற்பாடுகள் இருக்கின்றன. பட்டியல் சிறியது, பல கடைகளில் 'இன்றைய சாப்பாடு' என்று ஒன்றே ஒன்று. அன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அதுவே அன்றைய கறி. சோறு, சூப், ஒரு கறி, ஊறுகாய் என்று தட்டின் அமைப்பு மாறாது. வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டெடுத்து உட்காருவதால் பல கடைகளில் பணம் வாங்க ஆள் தேவைப்படுவதில்லை. வீணாவது குறைவு, காத்திருப்பதும் குறைவு.

கொஞ்சம் கிட்டே வருவோம். சென்னை மாநகராட்சி 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைத்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். விழுந்த நட்டத்தை மாநகராட்சி ஏற்றது. கண்டிப் பக்கம் கன்னொறுவையிலும் பிற ஊர்களிலும் விவசாயத் திணைக்களம் நடத்தும் 'ஹெல போஜுன்' கடைகளில், பயிற்சி பெற்ற பெண்களே உள்ளூர்த் தானியத்திலும் கீரையிலும் சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அதைத் தோட்டத்து வாசல் வரை கொண்டுவருவதுதான் பாக்கி.

தொழிலால் இன்னும் கிட்டே பார்த்தால், நம்மைப் போலவே தேயிலை பறிக்கும் நீலகிரியும் வால்பாறையும் இருக்கின்றன. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 தொழிலாளர் வேலை செய்யும் தோட்டத்தில் உணவகம் இருக்க வேண்டும் என்று மாநில அரசுகள் விதி செய்யலாம் என எழுதியது. எழுதியபடி எல்லா இடத்திலும் நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் மதிய உணவு வேலை நிலைமையின் ஒரு பகுதி என்பதை ஒரு நாட்டின் சட்டம் எழுபது ஆண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. நம் பேச்சு மேசைக்கு அந்த ஒரு வரி போதிய முன்மாதிரி.

நம் தோட்டத்தில் எப்படி?

ஒரு டிவிசனை எடுத்துக்கொள்வோம். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் போடுகிறார்கள். அப்போதே மதியச் சாப்பாட்டுக்கும் பெயர் போட்டால், எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பது காலையிலேயே தெரிந்துவிடும். ஜப்பான் கடையின் சீட்டு இயந்திரம் செய்கிற வேலை, நம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

மத்தியானம் கொழுந்து நிறுக்க, அள்ளிப்போக, லொறியோ டிரக்டரோ மலைக்கு வருகிறது. வரும்போது அது வெறுமையாகத்தான் வருகிறது. அதில் சோற்று அண்டாவை ஏற்றிவிட்டால், சாப்பாட்டை மலைக்குக் கொண்டுபோகத் தனிச் செலவே இல்லை. லயத்துக்கு இறங்கி ஏறும் நேரம் பெண்களுக்கு உண்மையான ஓய்வாக மிஞ்சும்.

சமையலுக்கு டிவிசனிலேயே ஆள் உண்டு. கொழும்பின் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்படியில் நிற்பவர்களிலும் மேசை துடைப்பவர்களிலும் எத்தனை பேர் நம் தோட்டத்துப் பிள்ளைகள்! ஊருக்கெல்லாம் சமைத்துப்போடத் தெரிந்த சமூகம் இது. ஓய்வு பெற்ற பெண்களும் மலையேற முடியாதவர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, கூலியோடு இந்த அடுப்பை நடத்தலாம். மரக்கறி, சுற்றுவட்டத்துத் தோட்டக்காரரிடமிருந்து நேராக வரலாம். சோறு, பருப்பு, அன்றைக்கு மலிவான ஒரு மரக்கறி, ஒரு கீரை வறை. வாரத்தில் இரண்டு நாள் முட்டையோ நெத்தலியோ. இதுவே போதும்.

விலைக்கு ஒரே விதி: சாப்பாட்டின் விலை அரைமணி நேரச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நாட்சம்பளம் 1,350 என்றால் 84 ரூபா. கைக்கு வருவது 1,750 என்றால் 109 ரூபா. சம்பளத்தோடு விலையைக் கட்டிவிட்டால், அடுத்த நெருக்கடியில் மாவும் அரிசியும் எவ்வளவு ஏறினாலும் அந்தச் சுமை பறிக்கிறவள் தலையில் மட்டும் விழாது. அதற்கு மேற்படும் செலவைக் கம்பனியும் பிரதேச சபையும் பகிர வேண்டும். முன்பு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவழிக்கச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு வழி திறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச சபைகளின் எண்ணிக்கையும் கூடியது. வீதிக்குக் கொங்கிறீட் போடுவதோடு அந்த அதிகாரம் நின்றுவிடக் கூடாது.

ஐயங்களும் நிபந்தனைகளும்

'இதைக் காட்டிச் சம்பள உயர்வைத் தட்டிவிடுவார்களே' என்று தொழிற்சங்கத்தில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. வரலாறே அதற்குச் சாட்சி. ஆகவே நிபந்தனைகளை முதலிலேயே எழுத வேண்டும். சாப்பாடு சம்பளத்துக்கு மேலதிகமாக வர வேண்டும். அதைச் சம்பளத்தின் பகுதியாகக் கணக்கிடக் கூடாது. வேண்டியவர் வாங்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. செக்ரோலில் பிடிக்கக் கூடாது. காசு கையால் கைக்கு. வரவு செலவுக் கணக்கைச் சமைக்கும் பெண்கள் குழு மாதந்தோறும் கொழுந்து மடுவத்தில் ஒட்ட வேண்டும்.

கம்பனிகள் செலவைக் காட்டும். உற்பத்திச் செலவு கூடியிருப்பது உண்மை. மலைக்கு ஆள் வராமல் போவதும் உண்மை. இளம் பெண்கள் தோட்ட வேலையை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்கும் நகரத்துக் கடைக்கும் போகிறார்கள். அவர்களை இழுப்பது சம்பளம் மட்டும் இல்லை. உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், சூடான சாப்பாடு, மனிதராக மதிக்கப்படும் உணர்வு ஆகியவையும் சேர்ந்தே இழுக்கின்றன. உடம்பில் இரத்தமில்லாத பெண்ணால் பின்னேரம் வரை ஒரே வேகத்தில் பறிக்க முடியாது. காலையில் பறித்த கிலோவும் பின்னேரம் பறித்த கிலோவும் நிறுவைப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்று டிவிசன்களில் ஆறு மாதம் சோறு போட்டுவிட்டு அதே புத்தகத்தைத் திரும்பப் புரட்டிப் பார்க்கலாமே.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். காணியும் வீடும் கேட்டோம், இன்னும் கேட்போம். அவை வரும் வரையிலும் வந்த பிறகும், நாள் தவறாமல் மத்தியானம் வந்துகொண்டுதான் இருக்கும். சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது, நாட்சம்பளம், கிலோ, மேலதிகக் கிலோவின் விலை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரியைத் தொழிற்சங்கங்கள் சேர்க்கட்டும்: அரைமணி நேரச் சம்பளத்துக்கு ஒரு தட்டுச் சூடான சோறு, அவள் வேலை செய்யும் மலையிலேயே.