கிளட்சுக்காக என்ஜினை இறக்கும் முன்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் வீட்டு முகப்புகளிலும் அடுக்ககங்களின் வண்டி நிறுத்தும் தளங்களிலும் பேணப்படும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு நேரும் பழுதுகளுள், பொருளின் விலைக்கும் வேலையின் சுமைக்கும் சற்றும் பொருத்தமில்லாத பழுது கிளட்ச் பழுதே. தேய்ந்த கிளட்ச் பிளேட்டுக்குப் புதிய லைனிங், அதாவது உராய்வுப் பட்டை, ரிவெட் அடித்து வாங்குவதற்கு ஆகும் செலவு சிறிது. அந்தப் பிளேட்டை எட்டுவதற்கோ காரின் பாதியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இப்பணியின் தேர்ச்சி எதைக் கழற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே தீர்மானிப்பதில் இருக்கிறது என்பதும், அத்தீர்மானம் பழக்கத்திலிருந்து அல்லாமல் அந்தந்தக் காரின் கட்டமைப்பிலிருந்து பிறக்க வேண்டும் என்பதும் இவ்விதழின் உறுதியான கருத்து.

கிளட்ச் என்பது என்ஜினின் பின்முனையில் சுழலும் பிளைவீலுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே, பெல் ஹவுசிங் எனப்படும் மணி வடிவ உறைக்குள் அடங்கியிருப்பது. ஆகவே அதை எட்ட வழி இரண்டுதான்: என்ஜினை முன்னோக்கி எடுக்க வேண்டும், அல்லது கியர்பாக்ஸைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். இவற்றுள் எது எளிது என்பதைக் காரை வடிவமைத்தவரே முடிவு செய்துவிடுகிறார். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் இதற்குத் தெளிவான சான்று. எம்.ஜி.பி. காரில் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகமாக அமைந்து, கியர்பாக்ஸ் அமரும் நடுக்குகை அவ்வுடலோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், கியர்பாக்ஸை மட்டும் தனியே உருவ இடமில்லை. என்ஜின் மட்டுமோ, என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தோ முன்பக்கம் வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரிலோ நிலைமை நேர்மாறு. தனிச் சட்டகத்தின் மீது போல்ட் போட்டுப் பொருத்திய உடல், முழுமையாக முன்னோக்கிக் கவிழும் பானெட், காரின் உள்ளே திருகுகளால் மட்டும் பொருத்தப்பட்ட குகை மூடி ஆகியவை அமைந்திருப்பதால், இருக்கைகளையும் அந்த மூடியையும் எடுத்துவிட்டால் கியர்பாக்ஸைப் பயணிகள் பகுதி வழியாகவே தூக்கி வெளியே வைத்துவிடலாம். என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஸ்பிட்ஃபயரின் அமைப்பு சென்னைக்கு அயலானதன்று. அதன் சட்டகம் டிரையம்ப் ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி ஆக்கப்பட்டது. இரண்டுக்கும் உருக்கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலாட்டி. அந்த ஹெரால்டையே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் 1961 முதல் சென்னையில் தயாரித்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த 948 சி.சி. கார்கள் இந்நகரின் வழக்கறிஞர், மருத்துவர் வீடுகளில் ஒரு தலைமுறைக் காலம் ஓடின. அக்காலத்து மெக்கானிக்குகள் ஹெரால்டின் கியர்பாக்ஸை உள்வழியே இறக்கப் பழகியவர்கள். ஸ்பிட்ஃபயரைப் பேணுவோருக்கு அந்தக் கைப்பழக்கம் அப்படியே பொருந்தும். எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினோ, அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜின் பிறந்த அதே பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. என்ஜின் பழகியது என்பதால் காரும் பழகியது என்று கொள்வதே பல வேலைகள் பாதியில் நின்றுபோகக் காரணமாகிறது. அம்பாசடரில் கைதேர்ந்தவர் எம்.ஜி.பி.யின் கார்புரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்துவிடலாம். ஆனால் கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள இடம் அவருக்குப் புதியது.

எதைக் கழற்றுவது என்ற கேள்விக்கும் முந்தையது, கழற்றத்தான் வேண்டுமா என்பது. கிளட்ச் நழுவுவதும் கிளட்ச் விடுபடாமல் ஒட்டுவதும் வெவ்வேறு நோய்கள். ஏற்றத்தில் என்ஜின் வேகம் கூடியும் கார் வேகம் கூடாவிட்டால் அது நழுவல். பெரும்பாலும் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது என்ஜினின் பின்புறத்திலிருந்து எண்ணெய் கசிந்து படிந்திருக்கும். இதற்குப் பெல் ஹவுசிங்கைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. கியர் விழ மறுத்துக் கரகரப்பது ஒட்டல். அதன் காரணம் பெரும்பாலும் வெளியிலேயே, பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரிலும் பெல் ஹவுசிங்கை ஒட்டியுள்ள ஸ்லேவ் சிலிண்டரிலும் இருக்கும். இச்சிலிண்டர்களில் நிரம்பியிருக்கும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடற்காற்று வீசும் இந்நகரில், ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடப்பட்ட ஆயில் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழியாக்கிவிடுகிறது. யாரோ அவசரத்துக்கு மினரல் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப்போயிருக்கும். இவற்றைச் சோதிக்க ஒரு காலைப்பொழுது போதும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒட்டலுக்கு இந்நகரில் இன்னொரு காரணமும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரில் லைனிங் துருவோடு சேர்ந்து பிளைவீலில் ஒட்டிக்கொள்ளும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம் வரை புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற கார்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. என்ஜினை நன்றாகச் சூடேற்றி, பெடலை அழுத்தியபடி ஒரு மரக்கட்டையை இருக்கைக்கு அணைகொடுத்து இரவு முழுவதும் விட்டால், பல நேரங்களில் அது தானாகவே விடுபட்டுவிடும்.

என்ஜினை இறக்கியே ஆக வேண்டிய எம்.ஜி.பி. போன்ற கார்களில், முதலில் அளக்க வேண்டியது கூரையின் உயரம். காரின் முன்முகப்பு தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரம்; என்ஜின் அதைத் தாண்ட வேண்டும். என்ஜினின் சொந்த உயரத்துக்கு 60 செ.மீ., கட்டும் கயிற்றுக்கு 30, செயின் பிளாக் முழுவதும் சுருங்கிய நிலையில் கொக்கிக்குக் கொக்கி 35 என்று தோராயமாகக் கூட்டினால், கைவிடும் இடைவெளி இல்லாமலே ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆகிறது. கியர்பாக்ஸையும் சேர்த்துச் சாய்த்து எடுப்பதானால் இன்னும் அரை மீட்டராவது வேண்டும். அடுக்ககத்தின் தூண்தளத்தில் உத்தரத்தின் அடிப்புறம் வரை இவ்வளவு உயரம் கிடைப்பது அரிது.

உயரம் இருந்தாலும் தொங்கவிடத் தகுந்த இடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒருபுறம் மட்டும் தாங்கப்பெற்று வெளியே நீளும் போர்டிகோவில் முதன்மைக் கம்பிகள் கான்கிரீட்டின் மேற்புறத்தில் ஓடுகின்றன. கீழிருந்து துளையிட்டுப் பொருத்தும் கொக்கி அவற்றைப் பிடிப்பதில்லை. அறுபது, எழுபது ஆண்டு பழமையான மயிலாப்பூர் வீடுகளில் கடற்காற்றின் உப்பு அக்கம்பிகளை எந்த அளவுக்குத் தின்றிருக்கும் என்பது பூச்சு உதிரும்வரை வெளியே தெரியாது. ஏறத்தாழ 160 கிலோ எடையுள்ள என்ஜினை அங்கே தொங்கவிட்டு அதன் கீழ் ஆள் படுத்திருப்பதை இவ்விதழ் எந்நிலையிலும் ஏற்காது. மடக்கு வகை என்ஜின் கிரேனை வாடகைக்கு எடுப்பதே முறை. அதன் சிறு சக்கரங்கள் பேவர் கற்களின் இடுக்குகளில் சிக்கி, பாரத்தோடு சாயக்கூடியவை என்பதால், கனமான இரும்புத் தகடோ பலகையோ விரித்த பிறகே கிரேனைத் தள்ள வேண்டும்.

தூக்கும் நேரத்தை விடப் பிரிக்கும் நேரத்திலும் சேர்க்கும் நேரத்திலும்தான் பாகங்கள் கெடுகின்றன. கியர்பாக்ஸிலிருந்து நீண்டு கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் செல்லும் பல்வரித் தண்டே கிளட்ச் ஷாஃப்ட்; கியர்பாக்ஸின் எடையோ என்ஜினின் எடையோ ஒரு நொடி அந்தத் தண்டின் மீது தொங்கினாலும் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், வண்டி கிளம்பும்போதெல்லாம் அதிரும். இரண்டுக்கும் தனித்தனி ஜாக் கொடுத்து, அவற்றின் முகங்கள் சுற்றிலும் ஒரே இடைவெளியோடு விலகுகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நகர்த்துவதுதான் வழி. சேர்க்கும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த, புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸிலிருந்து வாங்கிய ஒரு கிளட்ச் ஷாஃப்டையே டம்மி ஷாஃப்டாகப் பயன்படுத்தும் இங்குள்ள வழக்கம், கடையில் விற்கும் பிளாஸ்டிக் கருவியை விடத் துல்லியமானது.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த இடத்தில் பிளேட்டை மட்டும் மாற்றி மூடுவது வீண். பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அதை அழுத்திக் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றோடு, கிளட்ச் ஷாஃப்டின் நுனி அமரும் சிறு வெண்கல ஸ்பிகாட் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். இந்தப் புஷ் நுண்துளைகள் கொண்டது. பொருத்தும் முன் அதன் ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே என்ஜின் ஆயிலை நிரப்பி, மறுவாயில் மற்றக் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், வெளிப்புறத்தில் வியர்வைத் துளிகள் போல எண்ணெய் அரும்பும். அதுவே புஷ் ஊறிவிட்டது என்பதற்கு அடையாளம். எம்.ஜி.பி.யின் ரிலீஸ் பேரிங் உருளைகள் அற்ற கார்பன் வளையம் என்பதையும் உரிமையாளருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்: லஸ் முனையிலோ பனகல் பூங்கா அருகிலோ சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் பெடலை மிதித்தபடி காத்திருப்பவர் அந்த வளையத்தைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ஜின் வெளியே வந்துவிட்ட நிலையில் வேறொரு என்ஜினைப் பொருத்திவிடலாம் என்ற எண்ணம் எழுவதுண்டு. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சட்டகம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவிலேயே பேணப்படும் வண்டிகளுக்குத்தான் ‘வி.ஏ.’ வரிசைப் பதிவெண்ணை வழங்குகின்றன. அந்தத் தகுதியை இழக்கச் செய்யும் வேலையை உரிமையாளர் கேட்டாலும் மறுப்பதே நேர்மை.

பழைய லைனிங்குகளில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், கலந்தவை. பெல் ஹவுசிங்கில் படிந்திருக்கும் கருந்தூளில் அதன் இழைகள் இருக்கின்றன. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இருந்தும், உறை திறந்தவுடன் கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தள்ளும் வழக்கம் இந்நகரின் பட்டறைகளில் இன்னும் மாறவில்லை. அந்தத் தூளைக் குனிந்து நின்று சுவாசிப்பவர் பெரும்பாலும் வேலை கற்க வந்த உதவியாளரே. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் வழித்தெடுத்து, அத்துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துவதற்கு ஐந்து நிமிடம் போதும். கிளட்ச் வேலையை ஏற்கும் ஒவ்வொரு பட்டறையும் ஊதும் வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும்; வீட்டில் தாமே செய்யும் உரிமையாளர்கள் காரின் உள்வழியே கியர்பாக்ஸ் எடுக்கும்போது, தூள் இருக்கைகளிலும் விரிப்பிலும் படியாதபடி அவற்றை முன்னதாகவே வெளியேற்றிவிட வேண்டும்.