ஹெலிகாப்டர் வரும்வரை யார் காப்பது?

வெள்ளம் வந்தால் நாம் வானத்தைப் பார்க்கிறோம். 1968-இல் நம் நாட்டு ஆகாயப்படைக்கு வந்த நூரி ஹெலிகாப்டர்கள், 2020-இல் ஓய்வு பெறும்வரை வெள்ளக் காலங்களில் பேருதவி புரிந்தன. இன்று, பொம்பா என்று நாம் கூப்பிடும் தீயணைப்பு மீட்புத் துறைக்கே சொந்த ஹெலிகாப்டர்கள் உண்டு. காட்டுத் தீயில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். மலையில் சிக்கியவரைக் கயிற்றில் தூக்குகிறார்கள். பாராட்டுவோம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சுபாங்கிலிருந்து கிளம்பினால் ஆயர் குரோவுக்குப் பறந்து வரவே அரைமணி நேரம் ஆகும். கடும் மழையோ புகையோ மூடினால் கிளம்புவதே கஷ்டம். ஆயர் குரோவில் பொம்பா நிலையம் இருக்கிறது. என்றாலும், செம்பனைக் காட்டுக்குள்ளே செம்மண் சாலையில் வண்டி வந்து சேர வேண்டுமே! பலகை வீட்டில் பற்றிய தீ அதுவரை காத்திருக்குமா?

அந்த நேரத்தில் லயத்தில் இருப்பது நாம்தான். நம்மில் ஒருவருக்காவது முதலுதவி தெரிய வேண்டாமா?

அதைக் கற்றுத் தருவதற்காகத்தான் இடைநிலைப் பள்ளிகளில் பொம்பா கேடட், பொதுத் தற்காப்பு கேடட், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற சீருடை இயக்கங்கள் இருக்கின்றன. நம்மவர்களோ, "அதெல்லாம் நமக்கெதுக்கு? படிச்சாப் போதும்" என்கிறார்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது 100-க்கு 10 புள்ளிகள் புறப்பாட நடவடிக்கைக்கே போகின்றன. இதுவும் படிப்புதான், ஐயா!

"சீருடைக்கும் பஸ்ஸுக்கும் காசு யாரு கொடுக்கிறது?" என்று கேட்கும் தாய்மார்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. திருவிழாவுக்குப் பணம் திரட்டும் கோயில் கமிட்டியும், தொழிற்சங்கக் கிளையும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்தால் நாலு பிள்ளைகளுக்குச் சீருடை எடுத்துத் தர முடியாதா?

பயிற்சி என்பது வெறும் துணிச்சல் அல்ல. 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, பூச்சோங் அருகே ஈயக்குட்டையில் விழுந்த ஓர் இளைஞனைத் தேடப்போன ஆறு பொம்பா வீரர்கள் நீரில் மூழ்கி மாண்டார்கள். பயிற்சி பெற்றவர்களையே நீர் விழுங்குகிறது என்றால், ஒன்றும் தெரியாமல் குதிக்கிறவன் கதி என்ன? குதிக்காதே, கயிறு போடு, கழியை நீட்டு என்று சொல்லிக் கொடுப்பதும் பயிற்சிதான்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துத் திடலைப் புதர் மண்ட விடாதீர்கள். ஹெலிகாப்டர் இறங்க அந்த இடம்தான் உதவும். இறங்கும்போது அடிக்கும் காற்று தகரத்தையும் துணியையும் தூக்கி வீசும். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். 999-க்குக் கூப்பிட்டால் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பெரிய சாலை, எத்தனையாவது கட்டை, எந்த நுழைவாயில் என்று சொல்ல வேண்டும். சாலை முனையில் ஓர் ஆளை நிறுத்தவும் வேண்டும்.

எஸ்.பி.எம். சான்றிதழும் மலாய்மொழித் தேர்ச்சியும் நல்ல உடற்கட்டும் இருந்தால், பொம்பா வேலைக்கு நம் பிள்ளைகளும் மனுப் போடலாம். ஹெலிகாப்டருக்கு விமானி மட்டுமா வேண்டும்? இயந்திரம் பழுது பார்ப்பவரும், கயிற்றில் இறங்குபவரும் வேண்டும். அந்தக் கயிற்றில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் இறங்கட்டும்!

பள்ளியிலிருந்து பிள்ளை பாரத்தைக் கொண்டு வந்தால் தட்டிக் கழிக்காதீர்கள். கையெழுத்துப் போடுங்கள்!