வளையக்கூடாதுன்னு செஞ்ச தகட்டை வளைய விட்டது ஏன்? ஆர்.சி. ரேஸ் கார்களின் 30 வருடக் கதை

ரிமோட் கார்னு சொன்னதும் பர்த்டே கிஃப்ட் ஞாபகம் வருதா? இது அது இல்ல. நிஜ காரில் பத்தில் ஒரு பங்கு சைஸ், சுமார் 19 செ.மீ. அகலம், நான்கு சக்கரத்துக்கும் பவர். டூரிங் கார்னு பேர். இதற்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்குது. ஒரு ரேஸ் 5 நிமிடம்தான். அந்த 5 நிமிடத்துக்காக, காரின் அடியில் இருக்கும் சேஸிஸை எப்படிச் செய்வதுன்னு 30 வருடங்களுக்கும் மேலாக மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.

ஆரம்பிச்சு வெச்சது ஜப்பானின் தமியா. 1990களின் தொடக்கத்தில், மண்ணில் ஓடும் 'மான்டா ரே' பக்கியின் அடிப்பாகத்தை எடுத்து, தார் ரோட்டுக்கு ஏற்ப தாழ்த்தி, மேலே நிஜ கார் மாதிரி பாடியை மாட்டினாங்க. அதுதான் டிஏ01. பிளாஸ்டிக் தொட்டி மாதிரி சேஸிஸ், முன்சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோக ஒரு நீளமான ஷாஃப்ட். அவ்வளவுதான்.

போட்டி சூடானதும் பிளாஸ்டிக் பத்தலை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கார்பன் ஃபைபர் தகடுகள், நடுவில் பெல்ட் என்ற அமைப்பு வந்தது. லாஜிக் சிம்பிள். சேஸிஸே முறுக்கிக்கிட்டா, சஸ்பென்ஷனில் நீங்க செய்யும் செட்டிங்குக்கு அர்த்தமே இல்ல. அதனால் முடிந்தவரை இறுக்கு! 2000-ஐ ஒட்டி அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் கொண்டுவந்த டிசி3 போன்ற ஷாஃப்ட் கார்களும் நல்லாவே ஓடின. ஆனா காரின் நீளவாக்கில் சுழலும் ஷாஃப்ட், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் காரை ஒரு பக்கமாக முறுக்கப் பார்க்கும். பெல்ட்டில் அந்தத் தொல்லை இல்ல. கடைசியில் பெல்ட்தான் ஜெயிச்சது.

அப்புறம்தான் கதை சுவாரஸ்யம் ஆகுது. முன்னாடி உருண்டையான பேட்டரி செல்களை வரிசையாக அடுக்கி வைப்பாங்க, நல்ல கனம். லிப்போ பேட்டரி வந்ததும் எடை சட்டுனு குறைஞ்சது. ஆனா ரேஸ் விதிப்படி குறைந்தபட்ச எடை இருக்கணுமே? பித்தளைத் துண்டுகளை ஒட்டி ஈடுகட்டினாங்க. எப்படியும் எடை சேர்க்கணும், அதைத் தரையை ஒட்டிச் சேர்த்தா நல்லது. அப்படின்னா அடித்தகட்டையே கனமா செஞ்சா என்ன? கார்பன் ஃபைபரைத் தாண்டி வந்த உலகம், கிரிப் அதிகமான கார்பெட் டிராக்குகளுக்காகத் திரும்ப அலுமினியத்துக்குப் போனது!

இன்னொரு தலைகீழ் மாற்றமும் நடந்தது. இந்தக் கார் தரையிலிருந்து சுமார் 5 மி.மீ. உயரத்தில் ஓடுது. சஸ்பென்ஷன் அசைய இடமே கிடையாது. அப்போ டயரைத் தரையோட ஒட்ட வைக்க, சேஸிஸும் கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கணும். மேல்தகடு ஒல்லியாச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவை நடுக்கோட்டை ஒட்டி மட்டும் பொருத்தினாங்க. இல்லைன்னா ஒரு பக்கம் மட்டும் விறைப்பாகி, இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேற மாதிரியும் கார் திரும்பும். பின்னால் இருந்த மோட்டார்கூட சில கார்களில் நடுப்பக்கம் நகர்ந்துடுச்சு. அவ்சமாட்டிக்ஸ் மாதிரி ஒரு சிலர்தான் குழாய் டேம்பருக்குப் பதில் சுழலும் டேம்பர்னு முழுசா வேற ரூட் எடுத்தாங்க. எனக்குப் பிடிச்ச கிறுக்குத்தனம் அது.

மத்தவங்க? ஸ்லோவாக்கியாவின் எக்ஸ்ரே, ஜப்பானின் யோகோமோ கார்களின் பாடியைக் கழற்றிப் பக்கத்துல வையுங்க. புதுசா பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனாலும் புது வெர்ஷன் வந்துகிட்டே இருக்கு. மோட்டார், பேட்டரி, ரிமோட் எதுவும் இல்லாத வெறும் கிட்டுக்கே 500 டாலருக்கு மேல். ஒரு ஓட்டை இரண்டு மி.மீ. தள்ளிப்போனதற்கு இவ்வளவு காசான்னு கேட்டா, 'அந்த நுணுக்கம்தான் சார் இந்த விளையாட்டே' என்று பதில் வரும். பாதி உண்மைதான், நெளியும் சேஸிஸும் அப்படிப்பட்ட நோண்டலில் வந்ததுதான். ஆனா புதுசா ஒருத்தர் உள்ளே வரணும்னா இந்த விலை ஒரு பெரிய சுவர். பிளாஸ்டிக் தொட்டி சேஸிஸோட, ஷாஃப்ட்டோட தமியா இன்னமும் விற்கும் டிடி-02-வை வெச்சு, எல்லாருக்கும் ஒரே மோட்டார்னு நடத்தும் ரேஸ்கள்தான் அந்தச் சுவரில் இருக்கிற கதவு. கிளப்கள் அதற்குத்தான் முதலிடம் கொடுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஏற்கெனவே கார்பன் கார் வெச்சிருக்கீங்களா? புது மாடலுக்கு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி, மேல்தகட்டில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. ரேஸர்கள் ரொம்ப நாளா செய்யறதுதான். செலவு பூஜ்யம்.