அரை சதவிகிதம் அற்பமில்லை

தக்காளி கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறையுமா என்று தாம்பரம் மார்க்கெட்டில் நாலு கடை ஏறி இறங்குகிறோம். வீட்டுக் கடன் என்றால் மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறோம். இந்தத் தடவை சமையல் குறிப்பு கிடையாது, வட்டிக் கணக்குதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்!

முப்பது லட்ச ரூபாய் கடன், 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதவிகிதமானால் மாதத் தவணை சுமார் 26,990 ரூபாய். எட்டரையானால் 26,035. மாதம் ஆயிரம் ரூபாய்கூட இல்லையே என்று தோன்றும். இருபது வருஷத்துக்குக் கூட்டினால் ஏறக்குறைய 2 லட்சத்து 30 ஆயிரம்! இன்னொன்று: எட்டரை வட்டியில் முதல் மாதம் கட்டும் 26,035-ல் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது ஐயாயிரம்கூட இல்லை.

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு பெண். 2017-ல் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதம் 4 சதவிகிதத்திலிருந்து ஏற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் ஆறரைக்குப் போனது. "நமக்குத் தவணை ஏறவே இல்லை, மாமி" என்று அவள் சந்தோஷப்பட்டாள். தவணைதான் ஏறவில்லை, வருஷம் ஏறியிருந்தது. கணக்கு அறிக்கை வாங்கிப் பார்த்தால், வீட்டுக்காரர் ரிடையரான பிறகும் கடன் ஓடுகிறது! பென்ஷன் இல்லாத வேலை. அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புது வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டிப்போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதற்கு முந்தைய கடன், நாமாகக் கேட்டால் ஒழியப் பழைய முறையிலேயே கிடக்கும். 2025-ல் ரெப்போ ஒன்றேகால் சதவிகிதம் இறங்கியது. பழைய முறைக்காரர்களுக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. இவள் எழுதிக் கொடுத்து, ஒரு சிறு கட்டணமும் கட்டி மாற்றிக்கொண்டாள். வட்டி குறைந்ததும் தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை. வருஷத்தைக் குறைக்கச் சொன்னாள். கெட்டிக்காரி!

வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு இந்த ரெப்போ உத்தரவு கிடையாது. அங்கே வாங்கியவர்கள் அதிக கவனமாக இருக்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் அபராதம் கிடையாது; வங்கிகளுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திரம் ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் உண்டு. கடன் முடிய நாலைந்து வருஷமே பாக்கி என்றால் இந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். முதலில் உங்கள் வங்கியிலேயே, "புதுசா வர்றவங்களுக்கு என்ன வட்டி, எனக்கு ஏன் கூட?" என்று கேளுங்கள். கேட்டால் குறைப்பவர்கள் உண்டு.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பெயரில் கடன் என்றால் சில வங்கிகள் 0.05 சதவிகிதம் குறைக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் சலுகை. பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி மனை பார்க்கிறவர்கள் கவனிக்கவும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது சீட்டுப் பணம் வரப் போகிறது. வளையலா, கடனா என்று யோசிக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே இருபது வருஷக் கடனில் மூன்று வருஷத்துக்கு மேல் குறையும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேப்பரை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாளாம்.